ஈப்புலியை இனங்காணுதல்: கொழும்பு வீட்டுச் சுவரிலிருந்து ஒரு தொடக்கம்

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் பல்கனியில் இரண்டு இனப் பாயும் சிலந்திகள் வாழ்வதாக ஓராண்டுக்கும் மேலாக என் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். ஒன்று கறுப்பு, அதன் வயிற்றின் முன்விளிம்பில் பிறைபோல ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. மற்றது எந்த அலங்காரமும் இல்லாத மண்ணிறம். ஒருநாள் காலை, பூச்சட்டி விளிம்பில் கறுப்பு முன்கால்களை உயர்த்தி, முகத்தருகே இருந்த வெண்ணிற உணர்கைகளை அசைத்து அசைத்து மண்ணிறத்தை நெருங்கியதைப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. அவை இரண்டும் ஹசாரியஸ் அடன்சோனி என்ற ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும். நிறத்தை முதலில் பார்த்ததே என் பிழை. இவ்வழிகாட்டியில் நிறம் கடைசியில்தான் வரும். கண், வயது, பால், உடல்வடிவம் ஆகியவற்றை இவ்வரிசையில் தீர்மானித்த பின்னரே புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் பொருள் உண்டு.

பாயும் சிலந்திகள் சால்டிசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் இதுவரை பெயரிடப்பட்டவை 6000 இனங்களுக்கு மேல். சிலந்திக் குடும்பங்களில் இதுவே மிகப் பெரியது. தமிழில் இவற்றுக்கு ஈப்புலி என்ற பழைய பெயர் ஒன்று உண்டு. வலை விரித்துக் காத்திராமல், ஈயைப் பதுங்கிச் சென்று பாய்ந்து பிடிப்பதைக் கண்ட எவரோ இட்ட பெயர் அது. அறிவியல் நூல்களின் ‘குதிக்கும் சிலந்தி’யை விட அது எனக்குப் பிடித்தமானது என்பதால் இங்கே இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

முதலில் கண்கள்

சுவரில் கண்டது ஈப்புலிதானா என்பதை உறுதிசெய்ய முகத்துக்கு நேரே பார்க்க வேண்டும். எட்டுக் கண்களுள் நான்கு முகத்தில் முன்னோக்கி வரிசையாக இருக்கும். அவற்றில் நடுவில் உள்ள இரண்டும் வாகனத்தின் முன்விளக்குகளைப் போல மற்றவற்றை விட மிகப் பெரியவை. இவ்விரு கண்களைக் கண்டுவிட்டால் குடும்பம் பற்றிய ஐயம் அநேகமாகத் தீர்ந்துவிடும். மீதி நான்கையும் மேலிருந்து பார்த்தால் காணலாம். முகத்துக்குச் சற்றுப் பின்னே ஊசிமுனையளவான ஒரு சோடி இருக்கும். பல இனங்களில் அதை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் காண முடியாது. அதற்கும் பின்னே, தலையின் இரு ஓரங்களிலும் நடுத்தர அளவான ஒரு சோடி இருக்கும். இக்கண்கள் அடைக்கும் பரப்பு மேலிருந்து பார்க்கையில் ஏறக்குறைய ஒரு நாற்சதுரம். அச்சதுரம் நீளத்தை விட அகலமானதா, பின்னோக்கி விரிகிறதா, தலையும் நெஞ்சும் ஒன்றான முன்னுடலாகிய தலைநெஞ்சின் எத்தனை பங்கை எடுத்துக்கொள்கிறது என்பவை பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, பிரிக்கும்போது பயன்படும் அளவைகள்.

கண்ணின் நிறத்தை மட்டும் அடையாளமாகக் குறிக்க வேண்டாம். பெரிய கண்களின் வில்லை உடலோடு அசையாமல் பொருந்தியிருக்கிறது. அதன் பின்னே குழாய் போன்ற பகுதியின் முடிவிலுள்ள விழித்திரையே பக்கவாட்டில் நகர்கிறது. சிலந்தி உங்களை நேரே நோக்கும்போது கருமையாகத் தெரிந்த கண், விழித்திரை விலகியதும் தேன்நிறமாகத் தெரியலாம். ஒரே சிலந்தியின் இரண்டு படங்களை இரண்டு இனங்களாக எண்ணி வாதிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஈப்புலி என்று தவறாக எண்ணப்படுபவை மூன்று. செடிகளில் காணப்படும் லிங்ஸ் சிலந்தியும் பாயக்கூடியதே; ஆனால் அதன் கால்களில் நீண்ட முட்கள் குத்திட்டு நிற்கும், கண்களும் தலையுச்சியில் அறுகோணமாக அமைந்திருக்கும். தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்திக்கு முகத்தின் கீழ்வரிசையில் நான்கு சிறு கண்களும், அதற்கு மேல் இரண்டு பெரிய கண்களும் இருக்கும். குளியலறைச் சுவரில் இரவில் நின்று நம்மைத் திடுக்கிடச் செய்யும், கால்களை நண்டுபோலப் பக்கவாட்டில் விரித்த பெரிய சிலந்தியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அது அளவிலேயே வேறு.

யோகட் கப்பும் கைத்தொலைபேசியும்

அசையும் சிலந்தியை இனங்காண முயல்வது வீண் வேலை. நன்கு கழுவி உலர்த்திய ஒளிபுகும் யோகட் கப் ஒன்றைச் சிலந்தியின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, அடியில் ஒரு தபாலட்டையைச் செருகினால் போதும். சிலர் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் சில நிமிடம் வைத்து மந்தப்படுத்துகிறார்கள். நான் அவ்வாறு செய்வதில்லை. கப்புக்குள்ளேயே இரண்டு மூன்று நிமிடம் விட்டால் தானாகவே நின்று, நம்மைத் திரும்பிப் பார்க்கும். இவ்வளவு ஒத்துழைப்பு வேறெந்தச் சிறு பூச்சியிடமும் கிடைப்பதில்லை.

கைத்தொலைபேசியில் பொருத்தும் மலிவான மக்ரோ வில்லை இருந்தால் ஐந்து மில்லிமீற்றர்ச் சிலந்தியையும் படம்பிடிக்கலாம். மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று படங்கள் கட்டாயம் தேவை. கப்பின் அடிப்பகுதி வழியாக வயிற்றின் கீழ்ப்புறத்தையும் எடுத்துவிட்டால் பின்னர் வருந்த நேராது. மேலிருந்து எடுத்த ஒரே படத்தை அனுப்பி “இது என்ன இனம்?” என்று கேட்பவர்களுக்குப் பேரினத்துக்கு அப்பால் பதில் சொல்ல முடியாமல் போவது பெரும்பாலும் முகப்படம் இல்லாததால்தான். பக்கத்தில் மில்லிமீற்றர் அடிக்கோலையும் வைத்துப் படமெடுக்க வேண்டும். நீளத்தை முகத்திலிருந்து வயிற்றின் முடிவு வரை அளப்பது வழக்கம். கால்களும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நூற்புக்காம்புகளும் கணக்கில் சேரா.

வயதும் பாலும்

வாயின் இருபுறமும் குட்டைக் கால்கள் போலத் தெரிபவை பெடிபல்ப் எனப்படும் உணர்கைகள். பெண்ணில் அவை முடிவு வரை மெலிந்த சாதாரணக் கைகள். முதிர்ந்த ஆணில் அவற்றின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போலத் தடித்திருக்கும். விந்தணுவை ஏற்றிச் செலுத்தும் உறுப்பு அங்கேதான் உள்ளது. முதிர்வுக்கு ஒரு தோலுரிப்பு மட்டுமே எஞ்சியுள்ள இளம் ஆணிலும் நுனி தடித்திருக்கும், ஆனால் அது மழமழவென்று இருக்கும். முதிர்ந்த ஆணில் அதன் கீழ்ப்புறத்தில் முடிச்சும் வளைவுமாகச் சிக்கலான அமைப்புத் தெரியும். முதிர்ந்த பெண்ணுக்கு வயிற்றின் கீழ்ப்புறத்தில், முன்பகுதியில், எபிஜைன் என்ற கடினமான சிறு தகடு இருக்கும். இவ்விரண்டும் இல்லாதது குஞ்சு. குஞ்சுகளை இனம்வரை பெயரிட முயல வேண்டாம் என்பதே என் கண்டிப்பான கருத்து. பல இனங்களில் குஞ்சுகள் தாயின் சாயலில் மங்கலாகவே இருந்து, கடைசித் தோலுரிப்பின் பின்னரே ஆணின் உடையை அணிகின்றன.

அடுத்து உடல்வடிவம். பக்கவாட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு, தலைநெஞ்சு உயர்ந்து பின்புறம் சரிகிறதா, அல்லது பலகைபோலத் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் வெடிப்பிலும் மரப்பட்டையின் அடியிலும் ஒளிபவை தட்டையானவை. இலைமேல் வாழ்பவற்றில் பல நீண்டு மெலிந்தவை. புல்லிலும் புதரிலும் உள்ள பருத்தவை உயர்ந்த தலை கொண்டவை. எந்தச் சோடிக் கால் தடித்தது என்பதையும் குறியுங்கள். பாய்வதற்குப் பின்கால்தானே தடித்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இவை வெட்டுக்கிளியைப் போலத் தசையால் உதைத்துப் பாய்வதில்லை. உடற்பாய்மத்தின் அழுத்தத்தால் பின்கால்களைச் சட்டென நீட்டியே பாய்கின்றன. எனவே மெல்லிய பின்கால் கண்டு ஏமாற வேண்டாம். பல இனங்களில் தடித்திருப்பது, இரையைப் பற்றவும் எதிரிக்கும் துணைக்கும் காட்டவும் பயன்படும் முன்காலே.

கோடுகளையும் புள்ளிகளையும் படித்தல்

ஈப்புலியின் நிறம் பெரும்பாலும் தோலில் இல்லை, தோலை மூடிய மயிரிலும் செதிலிலும் உள்ளது. வயதான சிலந்தியில் அவை உதிர்ந்து வழுக்கை விழும். புதிதாகத் தோலுரித்தது வெளிறியிருக்கும். முட்டை சுமந்த பெண்ணின் வயிறு உப்பிக் கோடுகள் விலகும். பட்டினி கிடந்ததில் வயிறு சுருங்கி அவை நெருங்கும். மதுசாரத்தில் இட்ட மாதிரியில் நிறம் பெரிதும் போய்விடும். ஆகவே “மஞ்சள் நிறச் சிலந்தி” என்று எழுதுவதை விட, “தலைநெஞ்சின் நடுவே முன்கண்களிலிருந்து தொடங்கும் வெளிர்கோடு, வயிற்றிலும் தொடர்கிறது” என்று கோட்டின் தொடக்கமும் முடிவும் சொல்லி எழுதுவது நெடுநாள் பயன்படும்.

கொழும்பில் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் அதிகம் தென்படும் மூன்றை வைத்துப் பழகிக்கொள்வது நல்லது. மூன்றும் மனிதரோடு பயணித்து உலகின் வெப்பநாடுகளெங்கும் பரவிய இனங்கள்.

மதிற்சுவரில் வெயில் படும் பகுதியில் காலை எட்டு மணிக்குப் பின் உலாவுவது மெனிமெரஸ் பைவிட்டாட்டஸ். உடல் தட்டை, சாம்பல் வெள்ளை மயிர் அடர்ந்தது, ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். இதன் பெயரின் இலத்தீன் பொருள் ‘இரு பட்டை’ என்பதாகும், அது பெண்ணை நினைவில் வைக்க உதவும். பெண்ணின் வெளிறிய வயிற்றின் இரு ஓரங்களிலும் கரும்பட்டைகள் ஓடிப் பின்முனையில் சந்திக்கின்றன. ஆணிலோ ஓரத்துக்குப் பதிலாக நடுவில் ஒரே கருங்கோடு. பல்கனிச் சுவரில் இது ஈயைப் பிடிப்பதைக் கவனித்திருக்கிறேன். ஈ இறக்கையைத் துடைக்கும்போது நாலு எட்டு வைக்கும்; ஈ நின்றால் தானும் நிற்கும்; வயிறு சுவரோடு ஒட்டியிருக்கும். ஒரு சாண் தூரத்தை இப்படிக் கடக்க ஐந்து நிமிடம் எடுத்தது. பாயும் முன் வயிற்றின் முனையைச் சுவரில் ஒருமுறை தொட்டு, காப்புநூலின் தலைப்பை ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது பிளெக்சிப்பஸ் பேகுல்லி. மெனிமெரஸைப் போன்றே சுவரில் திரிந்தாலும் இது தட்டையானதன்று. உயர்ந்த தலையும் பருத்த உடலும் கொண்டது, 9 முதல் 12 மில்லிமீற்றர் வரை வளரும். பகல்வேட்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இரவில் மின்விளக்கருகே வந்து விட்டிலுக்குக் காத்திருக்கும். ஆண் கருநிறம். முன்கண்களுக்கிடையே தொடங்கும் அகன்ற வெண்கோடு தலைநெஞ்சின் நடுவாக ஓடி வயிற்றிலும் தொடர்கிறது. இரு ஓரங்களிலும் வெண்கோடுகள் உண்டு. வயிற்றின் பின்பகுதியில், நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு வெண்புள்ளி. முகத்தை நேரே பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியது போலிருக்கும். பெண் பழுப்பு, நடுவில் மங்கிய மண்ணிறப் பட்டை, அதே இடத்தில் அதே இரு வெண்புள்ளிகள். நிறம் மாறினாலும் புள்ளியின் இடம் மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பிளெக்சிப்பஸ் பெட்டர்ஸி போன்ற நெருங்கிய உறவினங்களும் ஆசியாவில் இருப்பதால், பெண்ணை மட்டும் கண்டால் நான் ‘பிளெக்சிப்பஸ்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வேன்.

மூன்றாவது, நான் ஏமாந்த ஹசாரியஸ் அடன்சோனி. வெயிலை விரும்பாது, பூச்சட்டியின் நிழல், அலுமாரியின் பின்புறம், படிக்கட்டின் மூலை போன்ற இடங்களில் தரையருகே இருக்கும். ஆண் 6, பெண் 8 மில்லிமீற்றர் அளவு. ஆணின் முகத்தில் முகமூடி போலச் செந்நிற மயிர், உணர்கைகளில் வெள்ளை, வயிற்றின் முன்விளிம்பில் வெண்பிறை, பின்பகுதியில் சிறு வெண்புள்ளிகள். பெண்ணிடம் இவற்றில் எதுவும் இல்லை. அடர்ந்த பழுப்புத் தலைநெஞ்சு, அதை விடச் சற்று வெளிறிய வயிறு, அவ்வளவுதான். வீட்டுக்குள் கண்ட, அடையாளம் எதுவுமற்ற பழுப்புப் பெண்ணுக்கு முதலில் நினைக்க வேண்டிய பெயர் இது. முடிவான பெயராக அதைக் கொள்வது வேறு விடயம்.

செவ்வரத்தையிலும் குரோட்டனிலும்

வீட்டை விட்டு வெளியே வந்தால் வகைகள் பெருகும். பெத்தகான ஈரநிலப் பூங்கா போன்ற இடத்தில் நடைபாதையின் மரக் கைப்பிடிகளையும் அதன்மேல் சாய்ந்த இலைகளையும் மட்டும் ஒரு மணிநேரம் பார்த்தாலே குறிப்பேடு நிறையும். அங்கே எதையும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது; படம் போதும்.

அகன்ற இலைமேல் வெளிர்மஞ்சள் உடலும் வெள்ளைத் தலையும், கண்களைச் சுற்றிச் செந்நிற மயிரும், வயிற்றில் நெடுக்காக இரண்டு சிவப்புக் கோடுகளும் கொண்ட பெரிய சிலந்தி டெலமோனியா டிமிடியாட்டாவின் பெண். ஆண் இருண்ட உடலில் வெண்ணிற அடையாளங்கள் கொண்டது. இரண்டுக்கும் பொதுவானது கண்ணோரச் சிவப்பு. 2002 அளவில் மின்னஞ்சல்களில் உலாவிய ஒரு பொய்ச்செய்தி, இந்த அப்பாவியைக் கழிப்பறை இருக்கையின் அடியில் ஒளிந்திருக்கும் கொலைச் சிலந்தி என்று பெயர்கெடுத்தது. இன்றும் அது புது உருவில் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கிறது. டெலமோனியாவின் கடி மனிதரைக் கொல்வதில்லை.

நான்கைந்து மில்லிமீற்றர் நீளத்தில், கரிய உடலின் குறுக்கே நீலமும் ஊதாவும் கலந்து மினுங்கும் பட்டைகளுடன் இலைநுனியில் துள்ளுவது ஃபின்டெல்லா விட்டாட்டா. இம்மினுக்கம் ஒளி விழும் கோணத்துக்கேற்ப மாறும். எனவே நிறத்தின் பெயரை அல்ல, பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன என்பதையே எழுதுங்கள். அதே அளவில் நீலமும் செம்மையும் மின்ன, முன்கால்களில் தூரிகை போன்ற கருமயிர் கொண்டு, அக்கால்களை உயர்த்தி ஆட்டியவாறு எறும்புகளருகே நடமாடுவது சைலர் செமிகிளாக்கஸ். அது எறும்பை உண்பது. பெரும்பாலான சிலந்திகள் எறும்பை விட்டு விலகும். புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும், மயிரடர்ந்த, திரண்ட உடல் கொண்ட ஹைலஸ் செமிகியூப்ரியஸை வேறொன்றோடு குழப்புவது கடினம். காய்ந்த சருகுத்துண்டு போலக் கால்களில் மயிர்க்குஞ்சம் தொங்க, ஆடி ஆடி நின்று நின்று நடப்பதைக் கண்டால் போர்ஷியாவாக இருக்கலாம். பிற சிலந்திகளின் வலைக்குள் புகுந்து அவற்றையே வேட்டையாடும் பேரினம் அது.

முசுறுக் கூட்டத்தில் ஒன்று கூடுதலாக

மாமரத்திலோ ஜம்பு மரத்திலோ முசுறுகள் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருந்தால், அவற்றின் நடைபாதைக்குச் சற்று ஒதுங்கிய இலைகளை நிதானமாகப் பாருங்கள். தனியாக, நின்று நின்று நடக்கும் ‘முசுறு’ ஒன்று இருக்கலாம். அது மிர்மப்ளாட்டா பிளாட்டாலியோய்டிஸ் என்ற ஈப்புலி. செம்மஞ்சள் நிறம், நீண்ட மெல்லிய கால், எறும்பைப் போலவே தலை, நெஞ்சு, வயிறு எனப் பிரிந்த தோற்றம் எல்லாம் பொருந்தும். சிலந்திக்குத் தலையும் நெஞ்சும் ஒன்றே. நடுவில் இடுங்கியிருப்பதால் இரண்டாகத் தெரிகிறது. தலையின் பக்கங்களில் உள்ள கரும்புள்ளி எறும்பின் கூட்டுக்கண்ணாக நம் கண்ணுக்குப் படும். முன்கால் இரண்டையும் உயர்த்தி உணர்கொம்பு போல அசைக்கும்.

வேடத்தைக் கலைக்கக் கால்களை எண்ணினால் போதும் என்பார்கள். ஆனால் உயர்த்திய முன்கால்களை உணர்கொம்பாக எண்ணிவிட்டால் மீதி ஆறே வரும். எனவே எண்ணும் முன் அவ்விரு ‘கொம்புகளும்’ எங்கிருந்து புறப்படுகின்றன என்று பாருங்கள். எறும்பில் அவை முகத்திலிருந்து வரும், நடுவில் முழங்கைபோல மடிந்திருக்கும். சிலந்தியில் அவை மற்றக் கால்களோடு சேர்ந்தே புறப்படும். பின்னர் முகத்தைப் பாருங்கள். முன்விளக்குக் கண்கள் அங்கே இருக்கும். அப்போதும் ஐயமிருந்தால் இலைக்காம்பை விரலால் மெதுவாகத் தட்டுங்கள். சிலந்தி நூலில் தொங்கி இறங்கும். வளர்ந்த முசுறு நூல் விடாது. இலைகளைத் தைக்கும் நூல் அதன் குடம்பியிலிருந்து வருவது.

ஆணுக்குத் தாடைகள் உடலின் முன்னே நெடுந்தூரம் நீண்டு, நுனியில் பருத்திருக்கும். பிளாட்டாலியா என்பது கரண்டிவாயன் பறவையின் பேரினப் பெயர். சிலந்தியின் பெயருக்கு அதனை ஒத்தது என்று பொருள். எட்ட நின்று பார்க்கையில் ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிச் செல்வது போலிருக்கும். தட்டிப் பார்க்கும்போது உண்மையான முசுறுகள் கையில் ஏறிவிடும் என்பதையும் அவற்றின் கடி எப்படியிருக்கும் என்பதையும் மாமரத்தில் ஏறிய எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே நிறுத்துவது

படத்தை வைத்துச் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. ஒத்த இனங்களை முடிவாகப் பிரிப்பவை ஆணின் உணர்கை நுனியின் அமைப்பும் பெண்ணின் எபிஜைனுமே; அவற்றை நுணுக்குக்காட்டியில் வைத்து, வெளியிடப்பட்ட வரைபடங்களோடு ஒப்பிட வேண்டும். பேர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பேணும் உலகச் சிலந்திப் பட்டியலில் ஓர் இனத்தின் இன்றைய பெயரையும் பழைய பெயர்களையும் பார்க்கலாம். இலங்கையின் மினுங்கும் சிறு ஈப்புலிகளில் இத்தேவை மிக அதிகம். மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்த நிலானி கணேசரத்தினமும் சுரேஷ் பெஞ்சமினும் 2019 இல் ஃபின்டெல்லாய்டிஸ் என்ற புதிய பேரினத்தை நிறுவினர். ஃபின்டெல்லா என்று முன்பு அழைக்கப்பட்ட சில இனங்கள் அதற்குள் சென்றன. பழைய வழிகாட்டி ஒன்றில் கண்ட பெயரை அப்படியே எழுதுவதற்கு முன் பட்டியலை ஒருமுறை பார்ப்பது அதனால்தான்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலி தானாகத் தரும் பெயரை நான் ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். பதிவில் இடம், நாள், நேரம், நின்ற பரப்பு, அளவு, பால், முதிர்ச்சி ஆகியவற்றை எழுதி, பெயரை உறுதியுள்ள மட்டத்தில் நிறுத்த வேண்டும். என் குறிப்பேட்டின் அண்மைய பக்கம் இப்படி இருக்கிறது: “வெள்ளவத்தை, மூன்றாம் மாடிப் பல்கனி, காலை 8.40, வெயில் படும் சுவர். 8 மி.மீ., தட்டை உடல், உணர்கை மெலிது, எபிஜைன் தெரிகிறது. வயிற்றின் ஓரங்களில் இரு கரும்பட்டை, பின்முனையில் சேர்கின்றன. மெனிமெரஸ், பெண், முதிர்ந்தது, பைவிட்டாட்டஸ் ஆகலாம். கப்பைத் திறந்ததும் அதே சுவரில், அதே வெடிப்புக்குள் போய்விட்டது.”